சீட்டும் ஃபீஸும்

எண்பதுகளில் பிளஸ் டூ முடித்த பையன் இன்ஜினியரிங் என்று வாய் திறந்தால், எந்தக் கல்லூரி என்று வீட்டில் கேட்கமாட்டார்கள். எவ்வளவு புரட்ட முடியும் என்றுதான் பேச்சு தொடங்கும். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1984-ல் சுயநிதிக் கல்லூரிகள் வந்தன, நுழைவுத் தேர்வும் வந்தது. கிண்டியிலோ கோவை ஜி.சி.டி.யிலோ இடம் கிடைக்காதவர்களுக்கு நன்கொடை பேசும் கல்லூரிகள் இருந்தன. அதற்காக அம்மாவின் நகை அடகுக்குப் போகும், இல்லையென்றால் வயல் கைமாறும். நன்கொடை வாங்குவதைத் தடை செய்து 1992-ல் சட்டம் வந்த பிறகும் பேரம் நிற்கவில்லை.

பணத்தையும் படிப்பையும் ஓரளவு பிரித்து வைத்தது 1997-ல் தொடங்கிய ஒற்றைச் சாளரக் கலந்தாய்வுதான். அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் பேருந்தில் பாதிக் கட்டணம். துணைக்கு வருபவருக்கும் அதே சலுகை உண்டு. ராத்திரி முழுக்க உட்கார்ந்து வந்து, டி.டி.யைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டு, அண்ணா பல்கலைக்கழக வாசலில் நிற்பார்கள். கல்லூரி ஆட்கள் நோட்டீஸைக் கையில் திணிப்பார்கள். உள்ளே பெரிய திரையில் காலியிடங்கள் கண்ணெதிரே குறைந்துகொண்டிருக்கும். பெயர் கூப்பிட்டதும் சில நிமிடங்களில் நான்கு வருடத்தைத் தீர்மானித்தாக வேண்டும். கூட வந்த மாமா, "பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம்டா, இதையே எடு" என்பார். அவசரமான முறைதான், ஆனாலும் அந்தக் கூடத்தில் மதிப்பெண் பேசியது. அது சின்ன விஷயமில்லை.

2018-லிருந்து கலந்தாய்வு ஆன்லைனில் நடக்கிறது. விருப்பப் பட்டியலை வீட்டிலிருந்தே எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். எந்தக் கல்லூரியில் 200-க்கு எத்தனை கட்-ஆஃப்பில் இடம் முடிந்தது என்ற பழைய கணக்கும் கிடைக்கிறது. நோட்டீஸ் கொடுத்தவர்கள் இப்போது யூடியூபில் இருக்கிறார்கள். எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கமே ஓட, ஒரு காலத்தில் அடிதடியாக இருந்த மெக்கானிக்கலும் சிவிலும் பல கல்லூரிகளில் காலியாகக் கிடக்கின்றன.

பணத்துக்கும் வழிகள் கூடியிருக்கின்றன. முதல் பட்டதாரிச் சலுகை 2010-ல் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து, 2021-ல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்பவருக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது.

இடைஞ்சல் நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான். கடன் வாங்கி மகனை மெட்ரிக் பள்ளியில் சேர்த்த ஆட்டோக்காரருக்கு 7.5 கிடையாது. முதல் பட்டதாரிச் சலுகை வீட்டுக்கு ஒருவருக்குத்தான். அண்ணன் எடுத்துவிட்டால் தங்கைக்கு முழுக் கட்டணம். இந்த விதி எனக்கு என்றுமே நியாயமாகப் பட்டதில்லை. இரண்டாவது பிள்ளை படிக்கும் காலத்தில் வீட்டில் வசதி பெருகிவிடும் என்று யார் சொன்னது?

அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு சுயநிதிக் கல்லூரிகள் ஆண்டுக்கு 50,000, அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவென்றால் 55,000 ரூபாய் வாங்கலாம் என்று 2017-ல் நிர்ணயித்தார்கள். சேரப் போகும்போது பஸ், பயிற்சி, சீருடை என்று அதன்மேல் இன்னொரு ரசீது நீளும். பட்டியலைப் பூட்டுவதற்கு முன்பே கல்லூரிக்குப் போன் போட்டு மொத்தத் தொகையைக் கேட்டுவிடுவது நல்லது. நான்கு லட்சம் வரை கல்விக் கடனுக்கு வங்கி சொத்து ஜாமீன் கேட்கக்கூடாது. விடுதி, புத்தகம், கம்ப்யூட்டர் செலவையும் அந்தக் கடனிலேயே சேர்த்து எழுதலாம். பலர் கல்விக் கட்டணத்தை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு, மீதிக்கு வட்டிக்காரரிடம் போகிறார்கள்.