32 பிட்டுக்குள் அடங்கிய ஐந்து பகா எண்கள்

பினாங்குத் தீவின் தென்கிழக்கில், பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக மண்டலம் உருவான 1972ஆம் ஆண்டிலேயே இண்டெல் நிறுவனம் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை அங்கே தொடங்கியது. சில்லுகளைப் பொருத்துவதும் சோதிப்பதும் அவ்வட்டாரத்தின் அடையாளமாக வளர்ந்தன. கணினிச் சில்லுகள் 0, 1 என்னும் இரண்டு இலக்கங்களால் மட்டுமே எண்களை எழுதும் இரும முறையைப் பின்பற்றுகின்றன. அம்முறையில் ஓர் இலக்கத்துக்குரிய இடமே பிட் எனப்படுகிறது. 1985இல் இண்டெல் வெளியிட்ட 386 செயலியைப் போன்ற 32 பிட் சில்லில், எல்லா இடங்களிலும் 1 நிரம்பும்போது கிடைக்கும் எண் 4,294,967,295, அதாவது 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 295 ஆகும்.

பொறியியலில் வெறும் வரம்பாகத் தோன்றும் இவ்வெண், 2இன் 32ஆம் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்துப் பெறப்படுவது. ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து 1ஐக் கழித்தால் வருவது, அவ்வெண்ணைவிட ஒன்று குறைந்த எண்ணும் ஒன்று கூடிய எண்ணும் பெருகிய பெருக்கற்பலனே என்னும் பள்ளிக்கூட விதியை ஐந்து முறை தொடர்ந்து பயன்படுத்தினால், 4,294,967,295 என்பது 3, 5, 17, 257, 65,537 ஆகியவற்றின் பெருக்கற்பலன் என்பது புலப்படும். இவை ஐந்தும் 1ஆலும் தம்மாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் பகா எண்கள்.

2ஐத் தொடர்ந்து வர்க்கப்படுத்தி, ஒவ்வொரு படியிலும் 1ஐக் கூட்டினால் கிடைக்கும் இத்தகைய எண்கள் அனைத்தும் பகா எண்களே என்று 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் ஃபெர்மா கருதினார். ஃபெர்மா பகா எண்கள் எனப்படும் இவ்வடிவப் பகா எண்களின் வடிவியல் சிறப்பை 1796இல் ஜெர்மானியரான காவுஸ் வெளிப்படுத்தினார்: அளவுக்குறியற்ற வரைகோலையும் கவராயத்தையும் மட்டுமே கொண்டு 17 சமபக்கங்களும் சமகோணங்களும் உடைய ஒழுங்குப் பலகோணத்தை வரையலாம் என்று அவர் நிறுவியபோது அவருக்கு வயது 18. பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாயின், அது ஃபெர்மா பகா எண்ணாகவோ வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கற்பலனாகவோ இருந்தால் மட்டுமே அவ்வாறு வரைய இயலும் என்பதற்கான நிறுவலை 1837இல் கணிதவியலாளர் வான்செல் நிறைவுசெய்தார்.

அறியப்பட்ட ஃபெர்மா பகா எண்கள் ஐந்தே என்பதால், அவற்றின் பெருக்கற்பலனான 4,294,967,295 இவ்வகையில் இன்றுவரை அறியப்பட்ட மிகப் பெரிய ஒற்றைப்படைப் பலகோணத்தின் பக்க எண்ணிக்கையாகிறது. இதன் வகுத்திகள் 32. அவற்றுள் 1ஐ நீக்கினால் எஞ்சும் 31 எண்களும் வரையத்தக்க ஒற்றைப்படைப் பலகோணங்களாக அறியப்பட்டவற்றின் முழுப் பட்டியலாகின்றன. மேலும், 1 முதல் இவ்வெண் வரை, இதனோடு 1ஐத் தவிர வேறு பொது வகுத்தி இல்லாத எண்களைக் கணக்கிட்டால், அவை 2இன் 31ஆம் அடுக்கான 2,147,483,648 என்றே அமைகின்றன.

சில்லுகளின் அகலம் 8, 16, 32 என இரட்டித்து வளர்ந்ததால்தான் இந்த ஒழுங்கு அமைந்தது; ஆயினும் 64 பிட்டுக்குச் செல்லும்போது அது முறிகிறது. அங்கே கூடுதலாகச் சேரும் 4,294,967,297 என்னும் காரணி 641, 6,700,417 ஆகிய இரண்டின் பெருக்கற்பலன் என்று 1732இல் கணிதவியலாளர் ஆய்லர் காட்டி, ஃபெர்மாவின் கருத்தைத் தகர்த்தார். அதற்குப்பின் ஆறாவது ஃபெர்மா பகா எண் எதுவும் கிடைக்கவில்லை. அப்படி எதுவும் இல்லை என்பதும் இதுவரை நிறுவப்படவில்லை.