ஓசையடங்கிய வன்தட்டு

இவ்வாண்டு மலருக்காகப் பழைய படங்களைத் தேட முற்பட்டபோது, அவற்றைச் சேமித்து வைத்திருந்த வன்தட்டுப் பெட்டி உயிர்பெறவில்லை. விளக்கும் எரியவில்லை; ஓசையும் எழவில்லை. நம் தோட்டத்து லயங்கள் இடிக்கப்படுவதற்கு முன் எடுத்த படங்கள் அதனுள் இருந்தன. அவற்றில் காணப்படும் முதியோருள் பலர் இன்று நம்மிடையே இல்லை. வேறு பிரதியும் எடுத்து வைக்கவில்லை. நாங்கள் கலங்கிப் போனோம் என்பதை மறைப்பதற்கில்லை. அப்படங்கள் மீண்டு வந்த வகையை மாணவரும் பெற்றோரும் அறிந்திருப்பது நலமெனக் கருதி இதனை எழுதுகிறோம்.

கடைகளில் ஹார்ட் டிஸ்க் என வழங்கும் வன்தட்டினுள் கண்ணாடிபோல் மெருகேற்றிய வட்டத் தகடுகள் உள்ளன. அவை நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்வது வழக்கம். தகட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்தபடி ஒரு நுண்முனை எழுதவும் படிக்கவும் செய்கிறது. நம் தலைமயிர் ஒன்றின் தடிப்போ ஏறத்தாழ 70,000 நானோமீட்டர்! ஆகவே கண்ணுக்குத் தெரியாத தூசியும் அம்முனைக்குப் பாறையே. வீட்டில் திருப்புளி கொண்டு மூடியைத் திறப்பது பெருந்தவறு. (இத்தகைய அடித்தகடுகளைச் செய்யும் தொழில் நம் ஜொகூரிலும் நடைபெற்றுள்ளது என்பது பலர் அறியாத செய்தி.)

படமும் எழுத்தும் தகட்டின் காந்தப் பூச்சில் பதிந்துள்ளன. மின்சாரம் நின்றதால் அவை அழிவதில்லை. பாட்டுப்பெட்டி பழுதானால் இசைத்தட்டிலுள்ள பாட்டு மறைந்துவிடுமா? அதுபோலத்தான் இதுவும்.

முதலில் வெளியே உள்ளவற்றைச் சோதிக்க வேண்டும். மின்செருகி, கம்பி, அடாப்டர், கணினி ஆகியவற்றை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தல் நன்று. எங்கள் பிழை அங்கேயே வெளிப்பட்டது. 12 வோல்ட் பெறவேண்டிய பெட்டியில், முனை பொருந்துகிறதே என்று மடிக்கணினியின் 19 வோல்ட் அடாப்டரை யாரோ செருகியிருக்கிறார்கள். வன்தட்டின் அடியிலுள்ள மின்சுற்றுப் பலகையில் காவல் டையோடு ஒன்று உண்டு. மின்னழுத்தம் மிகும்போது அது தன்னையே பலியிட்டுக் குறுக்குச் சுற்றாகிப் பலகையைக் காக்கும். பட்டணத்துத் தொழில்நுட்பர் மீட்டர் வைத்து அதனைக் கண்டறிந்து அகற்றினார். பின்னர் சரியான அடாப்டரைப் பொருத்தியதும் தகடு சுழலத் தொடங்கியது. காவலற்ற அவ்வன்தட்டை மேலும் பயன்படுத்தலாகாது. படியெடுக்க மட்டுமே இயக்கலாம். படியெடுக்க ஓர் இரவு முழுதும் சென்றது.

பலகையே கருகியிருப்பின் வேலை கடினம். அதே வகைப் பலகையை வாங்கி மாற்றினால் போதும் என்பது பழைய வன்தட்டுகளுக்கு ஓரளவு பொருந்தும். பின்னாளில் வந்தவற்றிலோ ஒவ்வொரு வன்தட்டுக்கும் உரிய அளவீடுகள் பலகையிலுள்ள சிறு நினைவகச் சில்லில் எழுதப்பட்டுள்ளன. அச்சில்லையும் பெயர்த்துப் புதுப்பலகையில் பற்றவைக்க வேண்டும். சில வெளிப்பெட்டிகள் தகவலைப் பூட்டுக்குறியாக மாற்றி எழுதுவதால், பெட்டியின் பலகையையும் எறிந்துவிடலாகாது. முனை சிக்கிக்கொண்டாலோ, டக் டக் என்ற ஒலி கேட்டாலோ மின்சாரத்தை உடனே நிறுத்தித் தூசியற்ற ஆய்வறைக்குத்தான் அனுப்ப வேண்டும். குளிர்ப்பெட்டியில் வைத்தால் சரியாகும் என்பாரும் உளர்; தகட்டில் ஈரம் படிவதே அதன் பயனாக முடியும்.

நம் மாநிலத்தார்க்கு வெள்ளமும் ஒரு பகைவன். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி, சிகாமட் முதலிய இடங்கள் மூழ்கியதை மறந்தோர் இலர். நனைந்த வன்தட்டில் மின்சாரம் பாய்ச்சலாகாது. வெயிலில் உலர்த்தவும் கூடாது. சேறு காய்ந்தால் தகட்டில் இறுகிவிடும். ஈரத்தோடு நெகிழிப்பையில் கட்டி நிபுணரிடம் சேர்ப்பதே முறை.

நெருப்பில் விழுந்ததும் மீண்டதுண்டு. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் வானில் சிதைந்து, இந்தியாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரும் மாண்டனர். சுமார் ஆறு மாதங்களுக்குப்பின் டெக்சாஸில் வறண்ட ஏரிப் படுகையொன்றில் அவ்விண்ணோடத்தின் வன்தட்டு ஒன்று கிடைத்தது. வெளிப்பாகம் கருகி, உள்ளே மண் புகுந்திருந்தது. ஆயினும் தகடுகள் வளையவில்லை. நிபுணர்கள் அவற்றைக் கழுவித் துடைத்து வேறொரு வன்தட்டில் பொருத்திப் படித்தனர். ஏறத்தாழ 99 விழுக்காடு தகவல் கிடைத்தது. செனான் எனும் வாயுவைப் பற்றி விண்வெளியில் நிகழ்த்திய அந்த ஆய்வின் முடிவு 2008இல் வெளிவந்தது. அவ்வெழுவரின் உழைப்பில் ஒரு பகுதியேனும் அவ்வாறு கரைசேர்ந்தது.

எங்கள் படங்கள் இம்மலரின் நடுப்பக்கங்களில் இடம்பெற்றுள்ளன. இப்பொழுது இரு பிரதிகள் உள்ளன; ஒன்று பள்ளி அலுவலகத்திலும், மற்றொன்று மேட்டு நிலத்திலுள்ள ஆசிரியர் ஒருவர் இல்லத்திலும் இருக்கின்றன. பால்கொட்டகை முன் ஐவர் நிற்கும் படத்தில் இருவரின் பெயர் மட்டும் எங்களுக்குத் தெரியவில்லை. அறிந்த பெற்றோர் பள்ளி அலுவலகத்தில் தெரிவிக்குமாறு வேண்டுகிறோம்.