மயக்க மருந்து: எப்போது பேசுவது?

மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் அறுவை நிபுணரைப் பலமுறை சந்திக்கிறார்கள். மயக்க மருந்து நிபுணரையோ பலரும் முதல்நாள் மாலையில்தான் பார்க்கிறார்கள். முழு மயக்கமா, முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வதா என்ற கேள்வி ஒரு கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது.

மருத்துவருக்குத் தெரிந்த அளவு நோயாளிக்குத் தெரியாது என்பதே மருத்துவச் சந்தையின் தனித்தன்மைகளுள் ஒன்று என்று பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ 1963-இல் எழுதினார். அந்த இடைவெளியை இங்கே செவிவழிச் செய்தி நிரப்புகிறது. முதுகில் ஊசி போட்டால் ஆயுள் முழுதும் முதுகுவலி என்பார்கள். ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. சிலருக்குச் சில நாள் தலைவலி வருவதுண்டு. முழு மயக்கம் முதியோரின் அறிவைக் குழப்பிவிடும் என்ற அச்சமும் உண்டு. இடுப்பு மூட்டில் எலும்பு முறிந்த 1,600 பேரைக் கொண்டு அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்தப்பட்டு, 2021-இல் வெளியான ஆய்வில், அறுவைக்குப் பிந்தைய மனக்குழப்பம் இரு முறைகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தது.

ஆகவே, நோயாளியின் உடல்நிலையைக் கொண்டே முறை முடிவாக வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவருக்கு முதுகு ஊசியால் தண்டுவடத்தருகே ரத்தக்கசிவு நேரலாம். மருத்துவர் சொற்படி அதைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். உறக்கத்தில் மூச்சுத் தடைபடுபவரும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். முதல்நாள் மாலை இதற்கெல்லாம் போதாது. கண்விழித்ததும் மூக்குக்கண்ணாடியையும் காதுக் கருவியையும் தர வீட்டார் ஒருவர் அருகிலிருக்கலாமா என்றும் கேளுங்கள். முதியோரின் குழப்பம் தணிய அது உதவும்.

அறை வாடகை முதல் உணவு வரை தொகுப்புக் கட்டணத்தில் அடக்கும் மருத்துவமனைகள், ஒரு வாரம் முன்பே மயக்க மருந்து நிபுணருடன் பதினைந்து நிமிடச் சந்திப்பையும் அதில் சேர்க்கலாமே?