கொள்ளிடம் கடலில் கலக்கிற இடம்: உப்பு ஏன் மேலே ஏறுகிறது?

'தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது.' கொள்ளிடத்தில் வெள்ளம் வரும்போதெல்லாம் கேட்கிற பேச்சு இது. கடைமடையில் இருப்பவர்களைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார்கள்.

முக்கொம்பில் காவிரியை விட்டுப் பிரியும் கொள்ளிடம், பழையாறு அருகே வங்கக் கடலைச் சேர்கிறது. தென்கரையில் பழையாறு மீன்பிடித் துறைமுகம். வடக்கே கொடியம்பாளையம், அதைத் தாண்டினால் பிச்சாவரம் அலையாத்திக் காடு. பூம்புகாரில் காவிரி ஒரு வாய்க்கால் போலச் சுருங்கித்தான் கடலுக்குப் போகிறது. அகன்ற முகத்துவாரம் கொள்ளிடத்துக்குத்தான். 1749-ல் ஆங்கிலேயர் தஞ்சை மராட்டியரிடமிருந்து பிடித்த தேவிக்கோட்டை இந்த முகத்துவாரத்தை ஒட்டியதே. கப்பல் வந்து போக வசதி என்று கணக்குப் போட்டார்கள். பெரிய துறைமுகமாக அது வளரவே இல்லை.

கொள்ளிடம் காவிரியைவிட நேராக, சரிவாக ஓடுகிறது. அதனால் 1800-களின் தொடக்கத்தில் தண்ணீரெல்லாம் அந்தப் பக்கமே இழுபட்டது. காவிரியில் மணல் மேவி, தஞ்சை வயல்கள் காயத் தொடங்கின. ஆர்தர் காட்டன் 1836 முதல் முக்கொம்பில் மேலணையையும், அணைக்கரையில் கீழணையையும் கட்டினார். தஞ்சை பிழைத்தது. வீராணம் ஏரிக்கு வடவாறு வழியாகத் தண்ணீர் போவதும் கீழணையிலிருந்துதான். ஆனால் கீழணைக்குக் கிழக்கே கொள்ளிடம் வெறும் வெள்ள வடிகால் ஆகிவிட்டது. இந்தப் பக்கத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

ஆற்றில் நீரோட்டம் இருக்கும்வரை கடல் வெளியே நிற்கும். ஓட்டம் நின்றால் கடல் ஏற்றத்தோடு உப்புநீர் உள்ளே வரும். உப்புநீர் கனமானது, நன்னீருக்கு அடியில் புகுந்து ஆற்றின் அடிமட்டத்தை ஒட்டியே மேலே ஏறும். மேலே அள்ளிப் பார்த்தால் சப்பென்று இருக்கும் தண்ணீர், அடியில் கரிக்கும். மோட்டாரின் உறிஞ்சு குழாயை ஆற்றில் ஆழமாக இறக்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நிலத்தடியில் இன்னும் கடுமை. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை உப்பைத் தள்ளி நிறுத்தும் என்பது பொதுவான கணக்கு. அந்த 1 அடியை போர்வெல்லில் இறைத்துவிட்டால் கீழிருந்து உப்பு எழும்பிவிடும். ஆற்று மணலை அள்ளிப் படுகையைத் தாழ்த்தினாலும் கடலுக்குக் கதவைத் திறந்துவிட்ட கதைதான்.

2018 ஆகஸ்ட் 22 இரவு, மேலணையில் கொள்ளிடத்தின் 9 மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. அப்படி ஒரே மூச்சில் ஓடிவிடும் வெள்ளத்தால் முகத்துவாரத்துக்குச் சில வார நிம்மதிதான். கோடையிலும் கொஞ்சமாவது ஓட்டம் வேண்டும். பிச்சாவரம் காட்டுக்கும், அங்கே வளரும் இறால் குஞ்சுக்கும்கூட உப்பும் நன்னீரும் கலந்த தண்ணீரே தேவை.

கீழணைக்குக் கிழக்கே ஆதனூர் – குமாரமங்கலம் இடையே கதவணை எழுந்திருக்கிறது. கடலுக்கு இன்னும் அருகில் ஒரு தடுப்பணை வேண்டும் என்பது கடைமடை விவசாயிகளின் கோரிக்கை. அதுவரை, கோடையில் பாசன நீரை ஒருமுறை பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்ப்பது நல்லது. மண்ணின் உப்புநிலை 3 டெசி சைமனைத் தாண்டினாலே நெல் மகசூல் குறையத் தொடங்கும். நாற்றும், பூக்கும் பருவமும்தான் முதலில் அடிபடும். அப்படிப்பட்ட நிலத்தில் கோ 43 ரகத்தையோ, பாரம்பரிய ரகங்களில் களர்பாலை, குழியடிச்சானையோ கால் ஏக்கரில் முதலில் போட்டுப் பார்க்கலாம்.