ஹைகேட் கல்லறைத் தோட்டம்: டிக்கெட் வாங்கிக்கொண்டு மக்கள் இங்கே நடக்கப் போவது ஏன்?

'சுடுகாட்டுப் பக்கம் தனியா போகாதே' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனா, வடக்கு லண்டனில் உள்ள ஹைகேட் கல்லறைத் தோட்டத்துக்கு மக்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஐவி கொடி படர்ந்த கற்கள், சாய்ந்து நிற்கும் சிலுவைகள், தலைக்கு மேல் அடர்ந்த மரங்கள். உள்ளே பத்து நிமிஷம் நடந்தால் நகரத்தின் சத்தம் அடங்கிவிடும்.

இந்த அமைதி எங்கிருந்து வந்தது? அதற்குப் பின்னால் ஒரு சுகாதார நெருக்கடியும், திவாலான ஒரு கம்பெனியும் இருக்கின்றன.

இடமில்லாமல் போன நகரம்

1801-ல் லண்டனின் மக்கள்தொகை சுமார் 10 லட்சம். 1851-ல் அது 23 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இறந்தவர்களைப் புதைக்க இருந்ததோ, தெருவுக்குத் தெரு இருந்த சின்னச் சின்ன தேவாலய வளாகங்கள்தான். புதிய உடலுக்கு இடம் செய்ய, பழைய சவப்பெட்டிகளை உடைத்தார்கள். 1832-ல் காலரா வேறு தாக்கியது. கெட்ட காற்றால்தான் நோய் பரவுகிறது என்று நம்பிய காலம் அது. பயம் இன்னும் கூடியது.

தீர்வாக, அன்றைய நகர எல்லையில் தனியார் கம்பெனிகள் பெரிய கல்லறைத் தோட்டங்களைத் தொடங்க நாடாளுமன்றம் அனுமதி கொடுத்தது. 1833-லிருந்து 1841-க்குள் ஏழு தோட்டங்கள் வந்தன. அதில் ஒன்றுதான் 1839-ல் திறக்கப்பட்ட ஹைகேட்.

கல்லறைக்கு எதுக்கு இவ்வளவு அலங்காரம்?

காரணம், வியாபாரம். கல்லறை இடத்தை நல்ல விலைக்கு விற்க வேண்டுமென்றால், உயிரோடு இருப்பவர்களுக்கு அந்த இடம் பிடிக்க வேண்டும். அதனால் வளைந்த பாதைகள் போட்டார்கள், மரங்கள் நட்டார்கள். எகிப்து மோகம் இருந்த காலம் என்பதால், பிரமாண்டத் தூண்களோடு 'எகிப்திய அவென்யூ' என்று ஒரு நுழைவு வழியே கட்டினார்கள். கல்லறைகளைச் சுற்றி உலாவுவதும் அன்றைக்குப் பொழுதுபோக்குதான்.

கற்களை எப்படிப் படிப்பது?

கல்வெட்டு புரியாவிட்டாலும் சிற்பங்கள் பேசும். உடைந்த தூண் என்றால், பாதியில் முடிந்த வாழ்க்கை. தலைகீழாகப் பிடித்த தீப்பந்தம் என்றால், அணைந்த உயிர். கோர்த்த இரு கைகள் என்றால், பிரிவு, அல்லது மீண்டும் சந்திப்போம் என்ற நம்பிக்கை.

குத்துச்சண்டை வீரர் டாம் சேயர்ஸின் கல்லறை முன் அவருடைய நாய் கல்லாகப் படுத்திருக்கிறது. மிருகக் காட்சி நடத்திய ஜார்ஜ் வோம்ப்வெல்லின் கல்லறை மேல் ஒரு சிங்கம் தூங்குகிறது. மின்சாரத்தின் அடிப்படைகளைக் கண்டுபிடித்த மைக்கேல் ஃபாரடேயின் கல்லில் பெயரும் தேதிகளும் மட்டும்தான்.

கார்ல் மார்க்ஸ் 1883-ல் இங்கே அடக்கம் செய்யப்பட்டபோது வந்தவர்கள் ஒரு டஜன் பேர் அளவில்தான். இன்று நாம் பார்க்கும் பெரிய தலைச்சிலை 1956-ல் வந்தது. தென்னாப்பிரிக்க விடுதலைப் போராட்டத்தில் முன்னணியில் நின்ற இந்திய வம்சாவளித் தலைவர் யூசுஃப் டாடூவும் பக்கத்திலேயே இருக்கிறார். தனிச்சொத்தை எதிர்த்த மார்க்ஸைப் பார்க்கவும் டிக்கெட் எடுக்கணும் என்பது அங்கே பழைய ஜோக்.

நிரந்தரம் எவ்வளவு காலம்?

கம்பெனியின் கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது. இடம் விற்கும்வரைதான் வருமானம். இடம் தீர்ந்த பிறகு பராமரிப்புக்கு யார் பணம் தருவது? குடும்பங்களும் மெல்ல மெல்ல வருவதை நிறுத்தின. 1960-ல் கம்பெனி திவாலானது. 1975-ல் மேற்குப் பகுதியின் கதவு மூடப்பட்டது. விதைகள் விழுந்து, கற்களைப் பிளந்துகொண்டு மரங்கள் எழுந்தன. 'என்றென்றும்' என்று நம்பி வாங்கிய கல்லறைகள் காட்டுக்குள் மறைந்தன.

அதே ஆண்டு உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து 'ஹைகேட் கல்லறையின் நண்பர்கள்' அமைப்பைத் தொடங்கினார்கள். பாதையை மீட்டார்கள், ஆனால் காட்டை முழுசாக வெட்டவில்லை. அதனால்தான் இன்றைக்கு அங்கே அந்த அமைதி.

பிரச்சினை அத்தோடு தீரவில்லை. சுமார் 53,000 கல்லறைகளில் 1,70,000 பேர் இருக்கிறார்கள். புதிய இடம் கிட்டத்தட்ட இல்லை. 75 ஆண்டுகளுக்கு மேல் யாரும் பயன்படுத்தாத பழைய கல்லறைகளை, முன்கூட்டியே அறிவித்துவிட்டு மீண்டும் பயன்படுத்த 2022-ல் தனிச் சட்டம் வந்தது. உறவினர்கள் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபிக்க ஒருத்தராவது மிச்சம் இருக்கணும், அவ்வளவுதான்.

லண்டன் போகும் வாய்ப்பு வந்தால், மார்க்ஸிடம் செல்ஃபி எடுத்த பிறகு கொஞ்சம் உள்ளே நடங்கள். பாசி மூடிய ஏதாவது ஒரு கல்லில், நீங்கள் கேள்விப்படாத ஒரு பெயர் இருக்கும். நின்று ஒருமுறை வாசித்துவிட்டு வாருங்கள். அதை வாசிக்க இப்போது வேறு யாரும் இல்லாமல் இருக்கலாம்.