கைப்பிடி திரும்பி வருகிறதா?

இன்ஜினை நிறுத்திவிட்டு, உங்கள் வீட்டுக் கப்சாயின் வலது கைப்பிடியை முழுதாக முறுக்கிக் கையை எடுங்கள். 'டக்'கென்று பழைய இடத்துக்கு வருகிறதா? சோம்பலாகத் திரும்பினாலோ பாதியில் நின்றாலோ, அதைச் சாலைக்கு எடுக்க வேண்டாம். கையை விட்ட பிறகும் இன்ஜின் வேகம் குறையாமல் போகலாம்.

கைப்பிடியையும் கார்புரேட்டரையும் இணைப்பது உறைக்குள் ஓடும் மெல்லிய எஃகுக் கம்பி. கம்பியால் இழுக்க முடியும், தள்ள முடியாது. திரும்ப இழுப்பது கார்புரேட்டரில் உள்ள சுருள்வில். உறைக்குள் தூசியும் துருவும் சேர்ந்தால், உராய்வு வில்லின் விசையை வென்றுவிடும். கேபிள் எவ்வளவு வளைகிறதோ, உராய்வும் அவ்வளவு கூடும்.

கம்பியில் ஓர் இழை அறுந்திருந்தாலும் கேபிளை மாற்றுங்கள். கழற்றும் முன் அது செல்லும் வழியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதியதும் அதே வழியில்தான் போக வேண்டும். கம்பி நன்றாக இருந்தால் எண்ணெய் போதும். கேபிளைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, மேல்முனையில் இலேசான எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அடியில் வடியும் கறுப்பைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்! கெட்டியான கிரீஸ் வேண்டாம், அது தூசியைப் பிடித்துவைக்கும். உட்புறம் பிளாஸ்டிக் பூசிய சில கேபிள்களுக்கு எண்ணெயே தேவையில்லை, கையேட்டைப் பாருங்கள்.

பொருத்தியதும் கைப்பிடியில் சிறிது தளர்வு இருக்க வேண்டும். பல சிறிய மோட்டார் சைக்கிள்களுக்கு இது 2 முதல் 6 மில்லிமீட்டர். பிறகு பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு, ஹேண்டலை இரு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். இன்ஜின் சத்தம் தானாக ஏறினால், கேபிள் எங்கோ இழுபடுகிறது. இன்ஜினை நிறுத்திவிட்டு, அது செல்லும் வழியைச் சரிசெய்யுங்கள்.