தூங்கி எழுந்தவளுக்கு ஒரு கேள்வி: பூவா? தலையா?

தென்காசி மாவட்டத்தில், மேற்கு மலையின் அடிவாரத்தில் இருக்கிறது பண்பொழி. அங்கே குன்றின் மேல் திருமலைக் குமாரசாமி கோவில் இருக்கிறது. ஏறிப்போகப் படிகள் உண்டு.

அந்தப் படிகளை வைத்து ஒரு கணக்குப் போடலாம்.

பக்தர்கள் 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். 50 பேர் மாதம் ஒரு தடவை ஏறுகிறவர்கள். மற்ற 50 பேர் மாதம் இரண்டு தடவை ஏறுகிறவர்கள். ஆட்களை எண்ணினால் சரிபாதி.

ஒருவர் மாதம் முழுவதும் படியடியில் உட்கார்ந்து, ஏறுகிறவருக்கு ஒரு கோடு போடுகிறார். மாதக் கடைசியில் 150 கோடுகள் இருக்கும். அவற்றில் 100 கோடுகள், இரண்டு தடவை ஏறுகிறவர்களுடையவை. சரிபாதி என்பது போய், மூன்றில் இரண்டு பங்கு ஆகிவிட்டது!

எது சரி? இரண்டும் சரி. ஒன்று ஆள் கணக்கு. மற்றது வருகைக் கணக்கு.

இதே முடிச்சுதான் உலகத்து அறிஞர்களைத் திணற அடித்துக்கொண்டிருக்கிறது.

தூங்கும் அழகி

அந்தப் புதிரின் பெயர் ‘தூங்கும் அழகி’. அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஆடம் எல்கா 2000-ம் ஆண்டில் எழுதிய கட்டுரையால் அது புகழ் பெற்றது.

ஞாயிறு இரவு ஒரு பெண் தூங்குகிறாள். அவள் தூங்கிய பிறகு ஒரு காசைச் சுண்டுகிறார்கள்.

தலை விழுந்தால், திங்கட்கிழமை மட்டும் அவளை எழுப்புவார்கள்.

பூ விழுந்தால், திங்கட்கிழமை எழுப்புவார்கள். பிறகு மருந்து கொடுத்துத் தூங்க வைப்பார்கள். அந்த மருந்தால், எழுந்த நினைவே போய்விடும். செவ்வாய்க்கிழமை மறுபடியும் எழுப்புவார்கள்.

இந்த ஏற்பாடு முழுவதும் அவளுக்கு முன்பே தெரியும். ஆனால் கண் விழிக்கும்போது அன்று திங்களா, செவ்வாயா என்பது தெரியாது. அப்போது கேட்கிறார்கள்: “தலை விழுந்திருக்க எவ்வளவு வாய்ப்பு?”

இரண்டு கட்சி

மூன்றில் ஒரு பங்கு என்றார் எல்கா.

பாதி என்று 2001-ல் பதில் எழுதினார் டேவிட் லூயிஸ். அவரும் பெரிய தத்துவ அறிஞர். எப்படியும் தன்னை எழுப்புவார்கள் என்பது அவளுக்கு முன்பே தெரியும். கண் விழித்ததால் புதிதாக எதுவும் தெரிந்துவிடவில்லை. பிறகு எண்ணத்தை ஏன் மாற்ற வேண்டும்? இது லூயிஸ் கட்சி.

இதையே 100 வாரம் செய்து பார்ப்போம். சுமார் 50 வாரம் தலை விழும். அதற்கு 50 விழிப்பு. சுமார் 50 வாரம் பூ விழும். அதற்கு 100 விழிப்பு. மொத்தம் 150 விழிப்பில், தலைக்கு உரியவை 50 மட்டுமே. இது எல்கா கட்சிக்கு வலுவான வாதம்.

பண்பொழிப் படியடியில் விழுந்த அதே 150 கோடுகள்! காசை எண்ணினால் பாதி. விழிப்பை எண்ணினால் மூன்றில் ஒன்று. அவள் எதை எண்ண வேண்டும் என்பதில்தான் சண்டை. அது இன்றும் தீரவில்லை.

மறதியோடு வாழ்ந்தவர்

மறதி மருந்து கதைக்காகச் சொன்னது. ஆனால் அப்படிப்பட்ட மறதியோடு உண்மையிலேயே ஒருவர் வாழ்ந்தார். அவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஹென்றி மொலேசன்.

காக்காய் வலிப்புக்காக 1953-ல், 27 வயதில், அவருக்கு மூளையில் ஆபரேஷன் நடந்தது. வலிப்பு குறைந்தது. ஆனால் அதன் பிறகு நடந்தவை அவர் மனதில் தங்கவில்லை. பல ஆண்டுகள் அவரை ஆராய்ந்த பிரெண்டா மில்னர் அம்மையாரை, ஒவ்வொரு தடவையும் புதியவராகவே பார்த்தார். 2008-ல், 82 வயதில் காலமானார்.

“இன்று என்ன நாள்?” என்பது அவருக்கு விளையாட்டுக் கேள்வி அல்ல.

நமக்கு என்ன?

ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்தில் 150 சீட்டுக் கொடுத்தார்கள் என்றால், ஊரில் 150 நோயாளிகள் என்று பொருள் அல்ல. ஒருவரே மூன்று தடவை வந்திருக்கலாம். எத்தனை பேருக்கு நோய் என்று அறிய ஆட்களை எண்ண வேண்டும். எத்தனை தடவை மருந்து கொடுக்க வேண்டும் என்று அறிய வருகையை எண்ண வேண்டும். இரண்டையும் குழப்பினால் மருந்து வீணாகும். அல்லது போதாமல் போகும்.

யாராவது ஒரு கணக்கைச் சொன்னால், உடனே தலையாட்ட வேண்டாம். “எண்ணியது ஆளையா, தடவையையா?” என்று முதலில் கேளுங்கள்!